துரைசானியின் மீனுக்கு மருந்து போட்ட நாட்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்த பிறகே மூன்று தரம் எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன். தோட்டத்து டிஸ்பென்சராக இருந்த காலத்திலும் அப்படித்தான். நோயாளி நாக்கை நீட்டுவதற்குள் நான் மருந்துப் போத்தலை எடுத்திருப்பேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அது பொருந்துமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் ரோட்டை ஒட்டிய தோட்டம் அது. சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரைதான். ஒரு நாள் காலை டிஸ்பென்சரி வாசலில் சனம் நிறைந்து நிற்கும்போது, பங்களாவிலிருந்து ஆள் ஒரு சீட்டைக் கொண்டுவந்தான். உடனே வரவும், புண்ணுக்குப் போடும் மருந்து கொண்டுவரவும் என்று துரைசானியின் கையெழுத்து. துரை மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். நின்றவர்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் ஏறினேன். மூச்சு வாங்கப் போய் நின்றால், துரை வராந்தாவில் காலை நீட்டித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

துரைசானி என்னை உள்ளே கூட்டிப்போனாள். கணப்படுப்புக்குப் பக்கத்தில் மேசை மேல் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கொழும்பிலிருந்து தகர டின்னில் ரயிலேற்றிக் கொண்டுவந்த ஐந்து தங்க மீன்கள். ஒன்று மட்டும் மூலையில் சாய்ந்து கிடந்தது. வால் கிழிந்த கந்தல் துணியாகத் தொங்கியது. விலாவில் செதில் போய்ச் சதை தெரிந்தது. துரைசானியின் கண் சிவந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே வயிற்றோட்டத்தோடு ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் "பார்க்கிறேன், மேடம்" என்றுதான் வாய் சொன்னது. சம்பளம் வாங்கும் வாய் அல்லவா.

மீனுக்கு வைத்தியம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புண் என்றால் கொண்டீஸ், அதாவது தண்ணீரில் போட்டால் ஊதாவாகக் கரையும் அந்தத் தூள். வரிசை வீடுகளான லயங்களின் ஆட்கள் அட்டைக் கடியோடும் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தோடும் வரும்போது அதில்தான் காலை வைக்கச் சொல்வேன். அதே நிறத்துக்கு ஒரு பேசினில் கரைத்து மீனை அதில் விட்டேன். தோட்டத்தில் எனக்கு அளவு என்றால் ஒரே அளவுதான். பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே பெரிய போத்தல், ஒரே மிக்ஸ்சர். மீன் இரண்டு சுற்றுச் சுற்றியது, வாயைப் பிளந்தது, கால் மணி நேரத்தில் மல்லாந்துவிட்டது.

"காயம் ஆழம், மேடம்" என்றேன்.

அவள் நம்பினாள். அதைக் கைக்குட்டையில் சுற்றி ரோஜாச் செடியடியில் புதைத்தாள். காயம் கொல்லவில்லை, என் அவசரம்தான் கொன்றது என்று எனக்குத் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டே இறங்கினேன். மனம் தேறவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அதே வாரம் இரண்டாவது மீன் கடிபட்டது. இந்தத் தடவை நான் பயந்து போயிருந்ததால் நிதானம் வந்தது. மிக்ஸ்சர் கரைக்கும் கண்ணாடிச் சாடி ஒன்றை நன்றாகக் கழுவினேன். பாதிக்குத் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, மீதிக்கு முதல் நாளே பிடித்து வைத்திருந்த, மலையிலிருந்து குழாய் வழியே வரும் பீலித் தண்ணீரை ஊற்றினேன். அப்போதே பிடித்த மலைத் தண்ணீரின் குளிரை மீன் தாங்காது. கறியுப்பு கொஞ்சம். புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீர் லேசான சாயம் காட்டியதும் நிறுத்தினேன். பிறகு மீனை ஈரத் துணியில் பிடித்து, செவுளைத் துணியால் மூடி, வால் அடியில் பஞ்சால் சிவப்பு மருந்தைத் தொட்டு வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் திரும்பச் சாடிக்குள். பங்களாவில் போக்குவரத்து அதிகம் என்பதால், சாடியை டிஸ்பென்சரிக்கே கொண்டுவந்து சன்னலடித் தட்டில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். இரண்டு நாள் தீனி கிடையாது. தினமும் காலையில் பாதித் தண்ணீர் மாற்றம்.

அந்தக் காலைகளில் எனக்கு இன்னொரு நோயாளியும் இருந்தாள். கொழுந்து பறிக்கிற பெண். இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் மரம் வெட்டப்போன இடத்தில் மரம் சாய்ந்து செத்துப்போனான். ஒரு பெண் குழந்தை, நாலு வயது. முழங்கைக்குக் கீழே கடிவாய். நாய் கடித்ததா என்று கேட்டேன். முந்தானையால் அதை மூடினாள். மனிசப் பல் பதிந்த வட்டம் எனக்குத் தெரியாதா என்ன.

"ஓரகத்திங்க ஐயா" என்றாள் கடைசியில். புருஷனின் அண்ணன் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்துத் தோட்டம் கொடுத்தது லயத்தில் ஒரே காம்பரா, ஒற்றை அறை. நடுவில் சாக்குப் படுதா. அந்தப் பக்கம் அவர்களும் நாலு பிள்ளைகளும், இந்தப் பக்கம் இவளும் குழந்தையும். தம்பி செத்த பிறகு இவளுக்கு இங்கே என்ன வேலை, படுதாவை எடுத்தால் நாம் காலை நீட்டலாமே என்பது ஓரகத்தியின் கணக்கு. அடுப்பு மூட்டினால் தண்ணீரை ஊற்றி அணைப்பாள். பாயைத் தூக்கி வாசலில் எறிவாள். எதிர்த்து நின்றால் கடி.

மனிசக் கடி சீழ் பிடிக்கும். தினமும் கட்டு மாற்ற வரச் சொன்னேன். ஆக, நான் சாடித் தண்ணீரை மாற்றுகிற நேரமும் இவள் கட்டு மாற்றுகிற நேரமும் ஒன்றாகிவிட்டது. நாலாவது நாள் மீனின் புண்ணில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் பூசணம் பூத்தது. அதைத் துடைத்தெடுத்து, உப்பைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் பெஞ்சில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னங்கய்யா, இதுக்கும் அடிபட்டிருச்சா?"

"துரைசானியோட மீனும்மா. இன்னொரு மீன் கடிச்சிருச்சு."

"அதான் தனிக் காம்பரா போட்டுக் குடுத்திருக்கீங்களா?" என்று சிரித்தாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முள் தைத்தது. "கைய நீட்டு" என்று அதட்டினேன்.

பன்னிரண்டு நாளில் வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரிப் புதுத் தோல் வளர்ந்துவிட்டது. அவள் கையும் ஆறிவிட்டது. ஒரே நாளில் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். மீனைத் தொட்டியில் விட்டேன். அவளுக்கு லேசு வேலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்து, அதே காம்பராவுக்குப் போகச் சொன்னேன்.

மீன் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மறுபடியும் கடிபட்டது.

அன்றைக்குத்தான் ஒரு நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் அசையாமல் உட்கார்ந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். தொட்டியின் நடுவில் அலங்காரத்துக்கு ஓர் உடைந்த பூச்சட்டி. அதன் வாய்க்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இது கொழும்பு மீன் இல்லை. துரை கினிகத்தேனைக்குக் கீழே ஆற்றில் தூண்டில் போடப் போனபோது பிடித்து, தேத்தண்ணீர்ப் பிளாஸ்கில் விட்டு எடுத்துவந்த காட்டு மீன். தங்க மீன்கள் சட்டிப் பக்கம் வராத வரை பேசாமல் இருந்தது. வந்தால் கல் எறிந்த மாதிரி பாயும். துரத்தி ஓட்டியதோடு நிற்கவும் இல்லை. ஓடுகிறவன் ஏற்கெனவே காயம்பட்டவன் என்றால் தேடிப் போய்க் கடித்தது. புண்ணைக் கண்டால் அதற்கு இன்னும் வேகம்.

பன்னிரண்டு நாள் தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. துரைசானியிடம் நேராகச் சொன்னேன்: கடிபட்டதை எத்தனை தரம் ஆற்றினாலும் பிரயோசனம் இல்லை, கடிக்கிறதை வெளியே எடுக்கவேண்டும். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். முடியாது என்றார். அது தன் இடத்தைக் காக்கிறது, நல்ல கங்காணிக்கு உள்ள குணம் அது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எடுக்கமாட்டீர்கள் என்றால் நடுவில் மறிப்பாவது போடுங்கள் என்றேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு உரத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மீனுக்காக.

உடனே தொழிற்சாலைத் தச்சனுக்கு ஆள் போனது. சன்னலுக்கு வைத்திருந்த கண்ணாடி ஒன்றை அளந்து வெட்டி, தொட்டி நடுவில் தகரச் சட்டத்தில் இறக்கினார்கள். இரண்டே நாளில் வேலை முடிந்தது. ஒரு பக்கம் காட்டு மீனும் பூச்சட்டியும், மறு பக்கம் தங்க மீன்கள். நான் மறுபடியும் சாடியில் போட்டு ஆற்றிய மீன் கடைசியாகத் தொட்டிக்குப் போனபோது யாரும் அதைத் தொடவில்லை. துரைசானி எனக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்தாள்.

நான் பிஸ்கட் டின்னோடு இறங்கி வருகிறேன், அவள் டிஸ்பென்சரி படியில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தடவை கால். கொதிக்கிற சோற்றுத் தண்ணீர். தானாகக் கொட்டிவிட்டது என்றாள். நானும் கேட்கவில்லை. கொப்புளத்தை வெட்டி மருந்து போடும்போது அவளுக்கு இருமல் வேறு. தென்மேல் மழைக்கு எல்லோருக்கும் வருகிற இருமல்.

"ஐயா, பங்களா மீனுக்கு ரெண்டு நாள்ல மறிப்பு போட்டாங்களாமே. எனக்கு ஒரு காம்பரா கேட்டுப் பாருங்களேன்" என்றாள். சிரிப்பில்லை. "புள்ளையோட ஒரு மூலையில கெடந்துக்குவேன். நிம்மதியாத் தூங்கினாப் போதும்."

கேட்டேன். அன்றே ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காம்பரா குடும்பத்துக்குத்தான் டிஸ்பென்சர். ஒத்தப் பொம்பளைக்குக் குடுத்தா நாளைக்குப் பத்துப் பேரு வருவாங்க. அதுவும் இருக்கிற காம்பராவே பத்தல."

"இருக்கிற இடத்துல அவளக் கொன்னுருவாங்களே."

"புருஷன் வீட்டுச் சண்டை. நமக்கு எதுக்கு?"

துரையிடம் சொன்னால், கிளாக்கரைப் பார் என்பார். அது எனக்குத் தெரிந்த பாதைதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. தோட்டத்துக்கு இளைத்தவள் புருஷன் செத்தவள். இரண்டு நாள் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மீனுக்குக் கத்திய வாய் இதற்குக் கத்தவில்லையே என்று அரித்தது. மூன்றாம் நாள் ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதும் எழுதிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் லயங்களுக்கு மேலே, கருப்பந்தேயிலை என்கிற யூகலிப்டஸ் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு தனிக் காம்பரா உண்டு. அம்மைக் காம்பரா என்போம். அம்மை போட்டவர்களை மற்றவர்களுக்குத் தொற்றாமல் வைக்கிற இடம். மாசக் கணக்கில் காலியாகத்தான் கிடக்கும். அதற்குள் ஒருவரை வைக்க கிளாக்கர் தேவையில்லை. என் துண்டும் துரையின் கையெழுத்தும் போதும். நான் எழுதினேன்: மூன்று வாரமாக இருமல், சயரோகம் என்று சந்தேகம், தனிக் காம்பராவில் வைக்கவும். மூன்று நாள் இருமல்தான். சந்தேகம் என்பது ஒரு வார்த்தை, இரண்டு மாசத்தில் அடித்துவிடலாம், அதற்குள் வேறு வழி பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். துரை படித்தார், முகத்தைச் சுளித்தார், உடனே கையெழுத்துப் போட்டார். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் விசிலடித்தபடி வந்தேன்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வியாதி இல்லை, காம்பராவுக்காக எழுதியது, யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். அவள் அந்த வியாதியின் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சட்டி, பாய், குழந்தை மூன்றையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். வாசலைச் சாணம் போட்டு மெழுகியிருந்தாள். குழந்தை ஒரு டின் மூடியில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசத்துக்கப்புறம் முழு ராத்திரி தூங்கினேங்கய்யா" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். அன்றைக்கு நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

மறு நாள் துரைசானி வந்தாள். மழைக்கோட்டும் சப்பாத்துமாக, கையில் ஒரு பால்மா டின்னோடு, தானே அம்மைக் காம்பரா வரை ஏறி வந்தாள். நல்ல மனசுக்காரி. சயரோகத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் சீமையில் அவளுடைய தங்கையே அதில் போனவளாம். வாசலில் குழந்தையைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள். நோயாளி படுக்கிற இடத்தில் குழந்தையா? நீ டிஸ்பென்சர்தானே? உடனே பிரித்து வை என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் எழுதியது உண்மையாக இருந்திருந்தால், அவள் சொல்லும் முன் நானே செய்திருக்கவேண்டிய வேலை. என் வாயை என் துண்டே அடைத்துவிட்டது. பகலில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்திருக்கும் பிள்ளைக் காம்பரா ஆயா பார்த்துக்கொள்வாள், இரவில் எங்கே என்ற கேள்வி வந்தது. சொந்தம் யார் இருக்கிறார்கள் என்று துரைசானி கேட்க, கூட வந்திருந்த, மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா பதில் சொன்னார்: பெரியப்பன் வீடு இருக்கிறது, அதே பழைய காம்பராதான். பால்மா டின்னும் குழந்தையோடு அங்கேயே போகட்டும் என்று முடிவாயிற்று.

குழந்தையைத் தூக்கும்போது அது கத்தவில்லை. தாய் என்னையே பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடம், நான் பொய் எழுதினேன் என்றால் முடிந்தது. என் வேலை போயிருக்கும், குவார்ட்டர்ஸ் போயிருக்கும், இன்னொரு தோட்டத்தில் என்னைச் சேர்த்திருக்கமாட்டார்கள். அவ்வளவுதான் போயிருக்கும். நான் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளிடம் மெதுவாக, "ஒரு மாசந்தாம்மா, பொறுத்துக்க" என்றேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது லேசான வார்த்தை. அந்த நாட்களில் யாரும் அவளைப் பீலியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. கூலி வேண்டுமே என்று கொழுந்துக்குப் போனால் நிரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் விலகி நின்றார்கள். அதையெல்லாம் அவள் வந்து என்னிடம் சொல்லவில்லை. நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பழைய லயத்துப் பக்கம் தினம் ஒரு தரம் எதையாவது சாக்குச் சொல்லிப் போய்வந்தேன். குழந்தை வாசலில் உட்கார்ந்திருக்கும். ஓரகத்தி எனக்குக் கும்பிடு போடுவாள். சாக்குப் படுதாவை எடுத்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம், காலையில் டிஸ்பென்சரி வாசல் கூட்டம் திடீரென்று இரண்டாகப் பிளந்தது. இருமல்காரிக்குப் பயந்து எல்லோரும் ஒதுங்கினார்கள். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். குழந்தையின் வலது காது மடல் தோட்டு ஓட்டையிலிருந்து கீழே கிழிந்திருந்தது. சட்டை முழுக்க ரத்தம்.

"அம்மாகிட்டப் போறேன்னு ஓடுச்சாம். இழுத்துப் பிடிச்சதுல கிழிஞ்சிருச்சாம்" என்றாள். அழவில்லை.

இரண்டு தையல் போட்டேன். குழந்தையின் தலையை அவள் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் குழந்தையைத் தொடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. தையல் முடிந்ததும், நான் கையைக் கழுவப் போனேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

"ஐயா" என்றாள் பின்னாலிருந்து. "எனக்குச் சீக்கு இல்லேன்னு எழுதிக் குடுங்க. நான் அங்கயே போறேன். நான் இருந்தா என்னையத்தான் அடிப்பாங்க."

நான் மேசைக்கு வந்தேன். துண்டுப் புத்தகத்தைத் திறந்து, பரிசோதித்ததில் நோய் இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் இருமலைப் பற்றி நான் எழுதியதில் பொய் இல்லாத துண்டு அது ஒன்றுதான். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"இன்னிக்கே போகலாங்களா ஐயா?" என்றாள்.

"போகலாம்" என்றேன்.